நிரப்பப் போகிறவரை நினைத்து

டைப்ரைட்டிங் தேர்வில் இரண்டு தாள் உண்டு. முதல் தாள் வேகம். இரண்டாம் தாள் கடிதமும் ஸ்டேட்மென்ட்டும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் வட்டாரத்தில் பத்தாவது பரீட்சை எழுதிய கையோடு லோயரில் சேர்த்துவிடப்பட்ட தலைமுறைக்கு இது நன்றாகவே தெரியும். பிள்ளைகள் வேகத்தைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். நிமிடத்துக்கு எத்தனை சொல் என்பதில்தான் போட்டி, பெருமை எல்லாம். அந்த வட்டாரத்து இன்ஸ்டிட்யூட் ஒன்றில் கற்று, அங்கேயே கற்பித்து, கம்ப்யூட்டர் வந்தபின் அதையும் சொல்லிக்கொடுத்து முதுமைக்கு வந்தவள் நான். எனக்குப் புத்தி கொடுத்தது இரண்டாம் தாள்.

ஸ்டேட்மென்ட் என்றால், வரிசை குலைந்து கிடக்கும் ஒரு பட்டியலைக் கொடுத்து, அதைக் காகிதத்தின் நடுவில் கட்டங்கட்டமாக அமைக்கச் சொல்வார்கள். அடிக்கத் தொடங்குமுன் உட்கார்ந்து எண்ண வேண்டும். ஒவ்வொரு பத்தியிலும் மிக நீளமான சொல் எது, அதற்கு எத்தனை எழுத்து, எல்லாவற்றையும் கூட்டினால் எவ்வளவு, வரியில் மிச்சம் எவ்வளவு, அதைப் பத்திகளுக்கு இடையில் எப்படிப் பகிர்வது என்று கணக்குப் போட்டு, மார்ஜினையும் டேப் நிறுத்தங்களையும் பொருத்த வேண்டும். அதன்பிறகு வேலை கையுடையது. டேப் விசையைத் தட்டினால் வண்டி தானே சரியான இடத்தில் போய் நிற்கும். யோசனை எல்லாம் முதல் எழுத்து விழுமுன்பே முடிந்துவிடும். ஒருமுறை நன்றாக யோசித்துவிட்டால் நூறு வரியை நிம்மதியாக அடிக்கலாம்.

இன்றைக்கு அலுவலகங்களில் டெம்ப்ளேட் என்று சொல்வதெல்லாம் இதன் வளர்ச்சிதான். வேர்டில் ஸ்டைல் என்பார்கள், பவர்பாயின்ட்டில் ஸ்லைடு மாஸ்டர் என்பார்கள். பவர்பாயின்ட் 1987-இல் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளிவந்தது. ராபர்ட் காஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோரின் உழைப்பு. அதே ஆண்டிலேயே மைக்ரோசாஃப்ட் 1.4 கோடி டாலர் கொடுத்து அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியது. இத்தனை ஆண்டுகள் ஆகியும், மாஸ்டரைத் திறந்தே பார்க்காமல் ஸ்லைடு செய்கிறவர்கள்தான் நம் அலுவலகங்களில் அதிகம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் ஆஃபீஸ் ஆட்டோமேஷன் சான்றிதழுக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்கும் எது எந்த மெனுவில் இருக்கிறது என்று மனப்பாடமாகத் தெரியும். அது எதற்காக இருக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள்.

நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? போன மாதக் கடிதத்தைத் திறக்கிறார்கள், சேவ் ஆஸ் கொடுக்கிறார்கள், பெயரையும் தேதியையும் மாற்றுகிறார்கள். பத்தில் ஒன்பது முறை சரியாக இருக்கும். பத்தாவது முறை, வேறொருவரின் பெயர் மூன்றாம் பத்தியில் அப்படியே நின்றுவிடும். அவசரத்தில் சேவ் ஆஸுக்குப் பதில் சேவ் கொடுத்துவிட்டால் பழைய கடிதமே போய்விடும். இதற்கு மாற்று நெடுநாளாகவே மென்பொருளுக்குள் இருக்கிறது. அதே கடிதத்தை டெம்ப்ளேட் வகைக் கோப்பாகச் சேமித்து வைத்தால், இருமுறை சொடுக்கும்போது மூலம் திறக்காது. பெயரிடப்படாத புதிய நகல் ஒன்று திறக்கும். மூலத்தின் மேல் யார் கையும் தவறிப் படாது. வேர்டிலும் லிப்ரே ஆஃபீஸிலும் இது ஒன்றுபோலத்தான்.

தையற்காரரிடம் அளவு ரவிக்கை கொடுத்துவிட்டு வருவோம் அல்லவா, அதைப் போன்றது இது. அளவு ரவிக்கையை யாரும் போட்டுக்கொண்டு போவதில்லை, அதன்மேல் கத்தரி வைப்பதும் இல்லை. நன்றாகப் பொருந்திய ஒன்றைப் பார்த்து எடுத்து அதற்கென்றே ஒதுக்கி வைத்திருப்போம்.

எங்கள் பக்கத்தில் அண்மையில் நடந்த இரண்டு மாற்றங்களைச் சொன்னால் இதன் அருமை புரியும். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து செங்கல்பட்டு மாவட்டம் உருவானது. 2021 நவம்பர் 3 அன்று தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. இரண்டே ஆண்டுகளில் மாவட்டமும் மாறியது, ஆணையரும் மாறினார். குடியிருப்போர் நலச் சங்கங்கள், பள்ளிகள், மருந்துக்கடைகள், கோயில் கமிட்டிகள் என்று எத்தனை பேரின் லெட்டர்ஹெட், ரசீது, மனு எல்லாவற்றிலும் முகவரி மாற வேண்டியிருந்தது! முகவரியை ஹெட்டரில் ஒரே இடத்தில் வைத்து டெம்ப்ளேட் செய்திருந்தவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. கோப்புக்குக் கோப்பு தட்டி வைத்திருந்தவர்களின் மனுக்களில் ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்பது இன்றும் எங்கேயாவது தலைகாட்டுகிறது. தவறான அலுவலகத்தின் பெயர் போட்ட மனு எத்தனை மேசைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பும் என்பது, சாலைப் பள்ளத்துக்கோ ஏரிக்கரைக் குப்பைக்கோ மனு எழுதிய எவருக்கும் தெரியும்.

ஆகவே முதல் வேலை, எது மாறும், எது மாறாது, எது எப்போதாவது மாறும் என்று பிரிப்பது. எப்போதாவது மாறுவதுதான் ஆளை ஏமாற்றும். மாவட்டத்தின் பெயர் மாறும் என்று 2018-இல் யார் நினைத்தார்கள்? அப்படிப்பட்டவற்றைக் கோப்பில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வையுங்கள். தேதியிலும் ஒரு கண் இருக்கட்டும். தானாக மாறும் தேதியைக் கடித டெம்ப்ளேட்டில் வைத்தால், ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திறக்கும்போது அனுப்பிய நாள் மறைந்து, திறந்த நாள் வந்து நிற்கும். நீதிமன்றம் வரை போகக்கூடிய கடிதத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து, தமிழ். இணையத்தில் கிடைக்கும் அழகான டெம்ப்ளேட்கள் ஏறக்குறைய எல்லாம் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. தலைப்புக்கு விட்டிருக்கும் கட்டத்தில் ‘ஆனுவல் ரிப்போர்ட்’ என்ற ஆங்கிலச் சொற்கள் ஒய்யாரமாக உட்காரும். அங்கே ‘முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்’ என்று போட்டுப் பாருங்கள். மூன்று வரியாக உடைந்து கீழே உள்ள படத்தின்மேல் ஏறும். ஸ்டேட்மென்ட் தாளில் மிக நீளமான சொல்லை முதலில் எண்ணச் சொன்னது இதற்காகத்தான். தமிழ் டெம்ப்ளேட் செய்கிறவர் தன் துறையின் மிக நீளமான தலைப்பைத் தட்டிப் பார்த்த பிறகே கட்டத்தின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும்.

வரி இடைவெளியும் அப்படித்தான். இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று இறுக்கிப் பூட்டினால் ‘பீ’யின் மேற்சுழியும் ‘நூ’வின் கீழ் வளைவும் வெட்டுப்படும். இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. வேர்டும் லிப்ரே ஆஃபீஸும் தமிழை ஆங்கிலத்திலிருந்து வேறுபட்ட எழுத்து வகையாகக் கணக்கில் வைத்திருக்கின்றன. ஸ்டைல் அமைக்கும்போது இரண்டுக்கும் எழுத்துருவைத் தனித்தனியே சொல்ல வேண்டும். ஆங்கிலத்துக்கு மட்டும் சொல்லிவிட்டு விட்டால், தமிழ் எழுத்து ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு முகத்தோடு வரும். விண்டோஸ் 2000-த்தோடு வந்த லதா ஒரு கணினியில், விண்டோஸ் 8-இலிருந்து வரும் நிர்மலா இன்னொன்றில். எழுத்தின் அகலம் மாறினால் பக்கங்களின் எண்ணிக்கையே மாறும்.

இதைவிடப் பெரிய துன்பத்தையும் நம் தலைமுறை பார்த்திருக்கிறது. பாமினி, வானவில் என்று ஒவ்வோர் எழுத்துருவுக்கும் ஒரு குறியீடு இருந்த காலத்தில் செய்த படிவங்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியீட்டுத் தரங்களும் வகுக்கப்பட்டன. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்று ஆணையிட்டது. ஆனாலும் டி.டி.பி. சென்டர்களில் பழைய எழுத்துருவில் செய்த படிவங்கள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. உங்கள் கையில் அப்படி ஒன்று இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். நாளைக்கு அதைத் திறப்பவரிடம் அந்த எழுத்துரு இருக்கப்போவதில்லை.

கோப்பு நிலைக்க வேண்டும் என்ற கவலையோடு உழைத்தவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் இருக்கும் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தின. 2007-இல் வெளிவந்த பாஸ் லினக்ஸ் இயங்குதளம் அந்த முயற்சியில் பிறந்தது. ஓப்பன் டாக்குமென்ட் என்ற கோப்பு வடிவம் 2006-இலேயே சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டுவிட்டது. அதன் இலக்கணம் எல்லோருக்கும் திறந்திருப்பதால், ஒரு நிறுவனம் நாளை கடையை மூடினாலும் கோப்பைத் திறக்க வழி இருக்கும். பணம் கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத சங்கத்துக்கும் பள்ளிக்கும் டெம்ப்ளேட் செய்து கொடுக்கும்போது நான் அந்த வடிவத்தையே தேர்ந்தெடுப்பேன்.

காகிதத்தையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து இறங்கும் டெம்ப்ளேட்கள் அவர்களுடைய லெட்டர் அளவில், எட்டரைக்குப் பதினோரு அங்குலத்தில் இருக்கும். நமக்கு ஏ4, அதாவது 210-க்கு 297 மில்லிமீட்டர். அளவை மாற்றாமல் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்தால் ஓரங்கள் கோணும், ஒரு பக்கக் கடிதம் எழுத்துச் சிறுத்து வரும். அரசு அலுவலகத்துக்குப் போகிற காகிதம் கோப்பில் ஓட்டை போட்டு டேக் கயிற்றால் கட்டப்படும்; இடது ஓரத்தில் தாராளமாக இடம் விடாவிட்டால் சொல்லின் முதலெழுத்து முடிச்சுக்குள் போய்விடும். வெளிர் நீலத்திலும் மஞ்சளிலும் எழுதிய தலைப்பு கறுப்பு வெள்ளை நகலில் காணாமல் போகும். திரையில் பார்த்து ரசிப்பவருக்கு இதெல்லாம் தோன்றாது. மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறவருக்குத்தான் தோன்றும்.

இதுவரை சொன்னதெல்லாம் வசதியைப் பற்றி. டெம்ப்ளேட்டுக்கு இதைவிடக் கனமான பொறுப்பு ஒன்று இருக்கிறது. எதை முதலில் சொல்வது, எதைப் பெரிதாகச் சொல்வது, எதைச் சொல்லாமலே விடுவது என்பதை, எழுதுகிறவர் வருமுன்பே அது தீர்மானித்துவிடுகிறது.

கல்பனா சாவ்லாவை இழந்த கொலம்பியா விண்கலத்தை நினைத்துப் பாருங்கள். 2003 ஜனவரியில் ஏவப்பட்டபோது, வெளித்தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்த நாட்களில், ஆபத்து உண்டா என்று ஆராய்ந்த பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகளாக அறிக்கை கொடுத்தார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு, பயப்பட வேண்டியதில்லை என்ற தொனியில் இருந்தது. அதற்குக் கீழே புள்ளி, அதற்கு உள்ளே கோடு, அதற்கும் உள்ளே இன்னொரு குறி என்று இறங்கிக்கொண்டே போய், கடைசிப் படியில் ஒரு செய்தி கிடந்தது. சோதனைகளில் பயன்பட்ட நுரைத்துண்டு 3 கன அங்குலம். இறக்கையில் மோதிய துண்டின் மதிப்பீடு 1,920 கன அங்குலம். 640 மடங்கு! அப்படியென்றால் அந்தச் சோதனைகளை நம்பி எதையும் சொல்ல முடியாது என்றுதான் பொருள். தலைப்பில் இருக்க வேண்டிய செய்தி அடியில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று ஏழு பேரும் மாண்டார்கள். அந்த ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழு அறிக்கை, பொறியியல் அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளைக் காட்டும் வழக்கத்தையே குறை சொல்லியது. தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்ட் டஃப்ட் அந்த ஸ்லைடை வரிவரியாக அலசியதையும் எடுத்துக் காட்டியது. விபத்துக்கு ஸ்லைடு காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முக்கியமானது ஒளிந்துகொள்ள ஆறு படிகள் கட்டிக் கொடுப்பதைவிட, ஒளிய இடமே இல்லாமல் செய்வது நல்லது. நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளிடம் ஸ்லைடு மாஸ்டரில் இரண்டு படிக்குமேல் புள்ளிகளை நீக்கிவிடச் சொல்வேன். தலைப்புக் கட்டத்தில் ‘இங்கே தலைப்பு’ என்று இருப்பதை அழித்து, ‘இந்த ஸ்லைடின் முடிவு என்ன? முழு வாக்கியமாக எழுதவும்’ என்று போடச் சொல்வேன். அப்புறம் வெறுமனே ‘அறிமுகம்’ என்று எழுதிவிட்டு நகர மனம் வராது.

கட்டங்களுக்கு வெளியே தனியாக டெக்ஸ்ட் பாக்ஸ் வரைந்து எழுதுவதையும் நான் அனுமதிப்பதில்லை. மாஸ்டரில் லோகோவோ எழுத்துருவோ மாறும்போது அந்தத் தனிப் பெட்டிகள் மட்டும் பழையபடியே நிற்கும். அதைவிட முக்கியம், பார்வையற்றவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் கொண்டு படிக்கிறார்கள். தலைப்புக்குத் தலைப்பு ஸ்டைலைப் பயன்படுத்தியிருந்தால் அது தலைப்பு என்று மென்பொருள் அவர்களுக்குச் சொல்லும், ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவவும் முடியும். வெறுமனே எழுத்தைப் பெரிதாக்கித் தடிக்க வைத்திருந்தால் கண் உள்ளவருக்கு மட்டும்தான் அது தலைப்பு.

படிவத்தில் சேர்க்கும் ஒரு கோட்டுக்கும் கனம் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6(2) பிரிவு, தகவல் கேட்பவர் காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது. ஆனால் யாரோ ஒருவர் தயாரித்த மாதிரி மனுவில் ‘தகவல் கோரும் காரணம்’ என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால், அதை நிரப்பாமல் கொடுக்கப் படிக்காத மக்கள் அஞ்சுவார்கள். சட்டம் கேட்காததைப் படிவம் கேட்டுவிடும். ‘தந்தை பெயர்’ என்ற கட்டத்தின் முன்னால் தனித்து நின்று பிள்ளை வளர்த்த எத்தனை தாய்மார்கள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்திருப்பார்கள்! 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் பாஸ்போர்ட்டுக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும் என்று விதியைத் திருத்தியது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருநர்களை மூன்றாம் பாலினமாக ஏற்ற பிறகும், ஆண், பெண் என்று இரண்டே கட்டம் போட்ட படிவங்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவற்றைச் செய்தவர்களிடம் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. பழைய படிவத்தைப் பார்த்துச் செய்திருப்பார்கள். அதனால்தான் டெம்ப்ளேட் செய்யும்போது ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, இதை ஏன் கேட்கிறோம் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் கிடைக்காத கட்டத்தை எடுத்துவிடலாம்.

பணி ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, இவர் இல்லாமல் அலுவலகமே ஓடாது என்று பேசுவார்கள். கேட்க இனிக்கும். என் மனத்துக்கு அது நல்ல பாராட்டாகப் படவில்லை. ஒருவர் போனதும் வேலை தடுமாறுகிறது என்றால், தெரிந்ததைத் தன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் ஆகும். தெரிந்ததை வடிவமாக்கி விட்டுப் போனவர்களும் உண்டு. தமிழில் அலுவலகக் கடிதம் எழுதும்போது அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று நம் கை தானாக ஓடுகிறது. 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தபோது தமிழ் இந்த வேலைக்கு உதவுமா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். சுற்றறிக்கை, குறிப்பாணை, செயல்முறைகள் என்று சொல்லையும் வடிவத்தையும் எழுத்தர்களும் தட்டச்சர்களும் பழக்கிப் பழக்கி நிலைநிறுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் வகுத்த வடிவத்தில்தான் இன்றைக்கும் ஒரு கிராமத்துப் பெண் தன் பட்டாவுக்காக மனு எழுதுகிறாள்.

உங்கள் அலுவலகத்திலோ சங்கத்திலோ அடிக்கடி எழுதப்படும் கடிதம் எது, அடிக்கடி காட்டப்படும் ஸ்லைடு எது என்று இந்த வாரம் பாருங்கள். ஒன்றை மட்டும் எடுத்து ஒழுங்காக டெம்ப்ளேட் ஆக்குங்கள். புதிதாகச் சேர்ந்த தம்பியிடமோ தங்கையிடமோ கொடுத்து, எதையும் விளக்காமல் நிரப்பச் சொல்லுங்கள். அவர் தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிழை அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைத் திருத்திய பிறகு எல்லோருக்கும் கொடுங்கள்.